நாலாலும் ஆறாலும் பிரிந்தால்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது சின்னம்மாவுக்கு நான் கணக்குப் படிப்பித்தேன். இதைப் பல வருடங்கள் வெட்கமில்லாமல் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அம்மாவின் தங்கையான அவர் ஊரிலிருந்து வந்து, பிரெஞ்சு பேசும் இந்த வெளிநாட்டு நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்களோடு இருந்தார். விமான நிலையம் இருக்கும் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் களஞ்சியத்துக்கு ஆள் எடுத்தார்கள். அதற்கு ஒரு நுண்ணறிவுச் சோதனை, முழுக்கப் பிரெஞ்சில். அந்த வேலை கிடைத்தால்தான் கொழும்பில் காத்திருந்த சித்தப்பாவைக் கூப்பிடலாம்.

பயிற்சிக் கேள்விகளில் பாதி, எந்த எண் எதனால் மீதியில்லாமல் பிரியும் என்பவை. எங்களுக்கு அப்போதுதான் பள்ளியில் அதைப் படிப்பித்திருந்தார்கள். விடுவேனா? பஸ்ஸுக்கு நிற்கையில் போகிற கார்களின் இலக்கத் தகடுகளைக் காட்டிக் கேட்டேன். 594 மூன்றால் பிரியுமா? 396 நாலால்? பிழைவிட்டால் அங்கேயே தோப்புக்கரணம். ஒருமுறை சின்னம்மா குளிரங்கியோடு காதைப் பிடித்து இருந்து எழும்ப, பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர் உதவி வேண்டுமா என்று கேட்டார்.

"தொண்ணூற்றாறை இன்னொருக்காச் சொல்லடி, ஆறுதலா," என்பார் சின்னம்மா. பிரெஞ்சில் அது நாலு இருபதும் பதினாறும். எனக்கு விதிகளும் பிரெஞ்சில்தான் வரும். கடைசி இரண்டு இலக்கங்களும் நாலால் பிரிந்தால் முழு எண்ணும் பிரியும் என்று முழங்குவேன். அவர் வாய்க்குள் திருப்பிச் சொல்லுவார். பாவம், மந்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் நானே ஒரு விதி கண்டுபிடித்தேன். நாலாலும் ஆறாலும் பிரிந்தால் இருபத்துநாலாலும் பிரியும்!

"அப்ப பன்னிரண்டு?" என்றார் சின்னம்மா.

பன்னிரண்டு நாலால் பிரிந்தது, ஆறாலும் பிரிந்தது. இருபத்துநாலால் மாட்டேன் என்றது. அன்று தோப்புக்கரணம் எனக்கு. ஆனாலும் நான் படிப்பித்தது சின்னம்மாவுக்கு இப்படி ஏறியிருக்கிறதே என்று ஒரே பெருமை.

சின்னம்மா பாஸ். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொத்துரொட்டி. நகரின் மறுகோடியில் பியர்பொன்ட்ஸிலிருந்து வந்த ஒரு அண்ணை சின்னம்மாவைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார்.

"ரீச்சர்! எட்டாம் வகுப்பிலை எங்களுக்குக் கணக்குப் படிப்பிச்ச உங்களுக்கே கணக்குச் சோதனையோ?"

எனக்கு வந்ததே கோபம். "ரீச்சர் நான்!" என்று கத்தினேன். வீடே சிரித்தது. சின்னம்மா என்னை இழுத்து மடியில் இருத்தி, "ஓம், இவதான் ரீச்சர்," என்றார்.

அதோடு நான் அடங்கிவிட்டேன். அவருக்குத் தேவைப்பட்டது என் கணக்கல்ல, என் பிரெஞ்சு என்பதும், என்னை இன்னும் கொஞ்சம் பேசவைக்கத்தான் அத்தனை பிழையும் விட்டார் என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை. அடுத்த வருடம் சித்தப்பா வந்திறங்கியபோதும் நான் கொப்பியும் பென்சிலுமாகத்தான் விமான நிலையத்துக்குப் போனேன்.