கத்தியைத் தரையில் வைக்கும் காலை

மலாயாவில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விடிகிறது. மூடுபனியில் மரங்கள் மிதக்கின்றன. வெள்ளைக்காரத் துரை ஆள் எண்ண வருமுன் எல்லாரும் பால்வெட்டுக் கத்தியைத் தரையில் வைக்கிறோம். அவரிடம் பத்தடி தள்ளி நின்றுதான் பேச வேண்டும். நான் முன்பு இருந்த இலங்கைத் தோட்டத்தில் துரை பிரம்போடு வருவார், அடி ஆறிவிடும். இங்கே இடுப்பில் கைத்துப்பாக்கி.

“நம்மளப் பாத்து அவ்வளவு பயமா, மச்சான்?” என்று பக்கத்தில் நிற்கும் முனியனிடம் கேட்கிறேன்.

“சிரிக்காம நில்லுலா. எம் பொண்டாட்டிக்கு வலி எடுத்திருச்சு, லீவு கேக்கணும்.”

துரை வந்து நிற்கிறார். முனியன் லீவு கேட்பது அவர் காதில் விழவில்லை. ஓரடி முன்னால் வைக்கிறான். துரையின் கை இடுப்புக்குப் போகிறது. நின்ற இடத்திலிருந்தே மனைவியின் பிரசவ வலியை எல்லாருக்கும் கேட்கும்படி கத்திச் சொல்கிறான். துரை தலையாட்டுகிறார். முனியன் பனிக்குள் ஓடுகிறான்.

அவன் மறந்துபோன கத்தியை எடுக்கக் குனிகிறேன். துரையின் கை மறுபடி இடுப்புக்குப் போகிறது.