கல்யாண வண்டிக்குக் கூலி இல்லை

எங்கள் ஊருக்கு வடக்கே பூணமலை கிழக்கு மேற்காகச் சுவர் வைத்தாற்போல் நிற்கிறது. நாமக்கல் பக்கத்து நிலக்கடலையும் மிளகாயும் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போக வேண்டுமானால் மலையைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் தழைக்கணவாய் ஏறிக் கடக்க வேண்டும். சுற்றினால் ஒரு நாள் வீண். ஏறினால் மாட்டுக்கு உயிர் போகும். எங்கள் பக்கம் ஏற்றம் செங்குத்து. சேலம் பக்கம் இறக்கமோ சாவகாசமாகப் போகும். மலையைப் படைத்தவனுக்கும் சேலத்துக்காரன்மேல்தான் பிரியம் என்று எங்கள் ஊரில் பொருமுவார்கள்.

அந்த ஏற்றத்தை நம்பித்தான் அங்காளம்மாள் பிழைத்தாள். பாரவண்டி அடிவாரத்துக்கு வந்ததும் அதன் மாடுகளுக்கு முன்னால் தன் ஜோடியைப் பூட்டி, உச்சிவரை இழுத்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். ஏத்துமாடு என்று அதற்குப் பெயர். முதலில் அந்தத் தொழிலைச் செய்தவன் அவள் புருஷன் கைலாசம். வண்டிச் சக்கரம் ஏறி அவன் கால் போன பிறகு இவள் கயிற்றைப் பிடித்தாள். பொம்பளை மாடு ஓட்டுவதா என்று ஊர் மூக்கில் விரலை வைத்தது. ஊர் விரலை எடுப்பதற்குள் அவள் அன்றைய வண்டிகளையெல்லாம் ஏற்றிவிட்டாள்.

கைலாசம் காலத்திலிருந்து ஒரு வழக்கம் இருந்தது. கல்யாண வண்டிக்கு மட்டும் கூலி வாங்குவதில்லை. அது யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் சரி.

கணவாய் உச்சியில் தழையாத்தா இருக்கிறாள். ஒரு கல், ஒரு வேல், அவ்வளவுதான் கோயில். யார் கடந்தாலும் வண்டியைவிட்டு இறங்கி, ஒரு கொத்துப் பச்சைத் தழையைக் கல்லின் முன் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இறங்காதவன் வண்டி இறக்கத்தில் நிற்காது என்பார்கள். நம்பாதவர்களும் இறங்கினார்கள். அச்சு முறிந்தால் யார் பதில் சொல்வது?

அங்காளம்மாளுக்கு ஒரே அண்ணன், நாமக்கல்லில் இருந்த அருணகிரி. அவர் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் இவள்தான். கூறைப் புடவையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறு முனையை உடன்பிறந்தவளும் பிடித்துக்கொள்ள, எனக்குப் பெண் பிறந்தால் உன் மகனுக்கு என்று சபையறியச் சொல்லுகிற சீர். அப்போது இவள் மகன் தங்கசாமி இடுப்புக் குழந்தை. பிறகு அண்ணனுக்கு வசந்தாமணி பிறந்தாள். தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்த கையோடு அங்காளம்மாள் மலையேறிப் போய்த் தழையாத்தாளுக்கு ஒரு சுமை தழை போட்டாள். அன்றிலிருந்து 'எம்மருமக' என்றுதான் சொல்வாள். அந்தப் பெண்ணின் பேரை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

முப்பதுகளில் பாறைக்கு வெடி வைத்து, வண்டித்தடத்தை வளைத்து வளைத்து மோட்டார் ரோடாக்கினார்கள். அதில் முதல் பஸ் விட்டவர் அருணகிரி. பின்னாலேயே லாரிகளும் வந்தன. ஏத்துமாட்டைக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

"உங்கண்ணனே உஞ்சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாரேடி" என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பாயி.

"எம்மருமக ஊட்டு வண்டி ஓடுது, ஓடட்டுமே. நாளைக்கு அவ சீரோட வாறப்ப அதுலதானே வரோணும்!" என்று இவள் சிரித்தாள். அரை வயிற்றுக் கஞ்சியோடு அப்படிச் சிரிக்க யாரால் முடியும்? அவளால் முடிந்தது. கூலி உழவுக்குப் போனாள். மாட்டை மட்டும் விற்கவில்லை.

பிறகு உலகச் சண்டை வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் முதுகில் டிரம்மைக் கட்டி, கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கரி வண்டி சமவெளியில் எப்படியோ ஓடும். தழைக்கணவாய் ஏற்றத்தைக் கண்டால் சண்டி மாடு மாதிரிப் படுத்துவிடும். அருணகிரி தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, நீதான் ஏத்தி உடோணும்."

"அதுக்கென்னங்கண்ணா, நம்ம வண்டிதானே" என்று இவள் சங்கிலியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

இந்தச் சமயத்தில் தங்கசாமி பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தான். தை மாசம் லீவில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். அங்காளம்மாள் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்க் கூறைப் புடவை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

கார்த்திகை மாதம், தூறல் விடாத ஒரு காலை. பஸ் அடிவாரத்தில் வந்து நின்றது. டிரைவர் சின்னண்ணன் இறங்கி வந்தான்.

"அக்கா, கல்யாண வண்டிங்க. பொம்பளைங்க நெறைய. மழைக்குப் படுதா உட்டிருக்குது, இங்க ஆரும் எறங்க மாட்டாங்க. அப்படியே ஏத்தி உட்டுருங்க."

"ஆரூட்டுக் கல்யாணம்?"

"பள்ளிபாளையத்துப் பக்கமுங்க" என்றான், டயரைப் பார்த்துக்கொண்டு.

"செரி. கல்யாண வண்டிக்கு நான் கூலி வாங்கறதில்லை, தெரியுமல்ல?"

"தெரியுமுங்கக்கா."

தெரிந்துதானே வந்தான், படுபாவி.

ரோடெல்லாம் சேறு. பாதி ஏற்றத்தில் இடத்து மாடு முட்டி போட்டுவிட்டது. அவள் நுகத்தடிக்குத் தோள் கொடுத்துத் தூக்கினாள். "ஏறு சாமி, ஏறு. உள்ள பொண்ணு உக்கோந்திருக்குது. முகூர்த்தம் தப்பீரக் கூடாது" என்று மாட்டிடம் கெஞ்சினாள். படுதாவுக்குள்ளிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் வந்தது. யார் பெற்ற பிள்ளையோ நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

உச்சியில் பஸ் நின்றது. தழை போடப் படுதாவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் ஜரிகை வேட்டியில் அருணகிரி. தங்கை நிற்கும் பக்கம் திரும்பாமல் நேரே கல்லுக்குப் போனார். பிறகு அண்ணி, பங்காளிகள். கடைசியாகத் தலை நிறையப் பூவோடு வசந்தாமணி.

அங்காளம்மாள் சங்கிலியைப் பிடித்தபடி நின்றாள். அந்தப் பெண் தழையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, சேறென்றும் பாராமல் அவள் காலில் விழுந்தது.

"அத்தை, நீங்க மனசு நொந்திருப்பீங்கன்னு அழுதுட்டே இருந்தேனுங்க. அப்பாதான் சொன்னாரு, உங்கத்தை சம்மதிச்சுட்டா, அவளே மாடு பூட்டி மேடேத்தி உடுவா, கூலிகூட வாங்க மாட்டா, நீயே பாருன்னு."

அதைக் கேட்ட பங்காளிகள், ஆமாமா, அவளே வந்து ஏற்றிவிட்டாளே, இதைவிடச் சம்மதம் என்ன வேண்டும் என்று தலையாட்டினார்கள். இணைச்சீரில் கொடுத்த சொல் என்னாயிற்று என்று கேட்ட வாய்களை அருணகிரி அடைத்த வித்தை இதுதான். மண்டிக்காரர் வீட்டுச் சம்பந்தத்துக்காக மகளை மாற்றிக் கொடுத்ததைக்கூட ஒருவன் மன்னிக்கலாம். உடன்பிறந்தவளின் தருமத்தையே அவளுக்கு எதிராகச் சாட்சி வைத்தானே, அதை எந்தச் சாமி மன்னிக்கும்?

அருணகிரி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பட்டாளத்துக்குப் போனவன் திரும்புவான்னு என்ன நிச்சயம், அம்மிணி? பொண்ணை எத்தனை நாளைக்கு வெச்சிருக்கறது? சபையில ஒண்ணுஞ் சொல்லீராத."

ஒரு வார்த்தை சொன்னால் போதும், பங்காளிகள் பஸ்ஸைத் திருப்பியிருப்பார்கள். மணக்கோலத்தில் திரும்புகிற பெண்ணை ஊர் என்ன பேசும் என்பதும் அவளுக்குத் தெரியும். குனிந்து வசந்தாமணியைத் தூக்கினாள். நெற்றிச் சேற்றை முந்தானையால் துடைத்து, கல்லின் மேலிருந்த திருநீற்றை எடுத்துப் பூசினாள்.

"நல்லாயிரு சாமி. உம்மேல எனக்கு ஒண்ணுமில்லை."

பிறகு அண்ணன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"கூலியக் குடுங்க."

அருணகிரி திகைத்தார். "கல்யாண வண்டிக்கு நீ வாங்கறதில்லையே..."

"வாங்கறதில்லைதானுங்க. ஆனா இன்னைக்கு வேணும். நான் சம்மதம் குடுத்து ஏத்தலீங்க, மாட்டைக் குடுத்து ஏத்துனேன். மாட்டுக்குக் கூலி உண்டு."

எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னாள். தலையாட்டிய பங்காளிகள் தரையைப் பார்த்தார்கள். அருணகிரி மடியைத் தடவி ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அதை அவள் தொடவில்லை. அவர் சின்னண்ணனிடம் சில்லறை வாங்கி, வழக்கமான கூலியைத் தன் கையில் வைக்கும்வரை நீட்டிய கையோடு மழையில் நின்றாள்.

வாங்கி முடித்து, பஸ்ஸிலிருந்து சங்கிலியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மாட்டை அவுத்துட்டேனுங்க, மொதலாளி. இனி எறக்கந்தான். வண்டி தானாப் போயிரும்."

பிறந்தது முதல் அண்ணா என்று கூப்பிட்ட வாய் அது. அவர் பதில் சொல்வதற்குள் அவள் மாடுகளைத் திருப்பி எங்கள் பக்கத்து ஏற்றத்தில் இறங்கத் தொடங்கிவிட்டாள்.