தொட்டுச் சொன்னவர்

மனைவி பிரிந்து போன வருடம், சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டேன். திரிபுராவின் கொக்பரோக் மொழியையும் மெக்சிகோவின் நாவாட்ல் மொழியையும் நூறு சொற்களில் ஒப்பிட வேண்டும். நாவாட்ல் சொற்களை அகராதி பார்த்து நிரப்பிவிட்டேன். கொக்பரோக் பேசும் ஒருவர், திரிபுராவிலிருந்து வேலைக்கு வந்து தமிழும் பழகியவர், திருக்காட்டுப்பள்ளி அரிசி ஆலையில் கிடைத்தார்.

குள்ளமான மனிதர். களத்தில் காயும் நெல்லைக் காலாலேயே கிளறிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை தூசி. எந்தச் சொல்லைக் கேட்டாலும் அந்தப் பொருளைத் தொட்ட பிறகுதான் சொல்வார். குழாயடிக்குப் போய்க் கையை நனைத்துக்கொண்டு "துய்" என்றார். என் நோட்டில் தண்ணீருக்கு 'ஆட்ல்' என்று இருந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுதிக்கொண்டேன்.

"வீட்டுக்கு என்ன சொல்லுவீங்க?"

சுற்றிலும் பார்த்தார். பாய்லருக்குப் பின்னால் அவரும் கூட வேலை செய்பவர்களுமாகப் பத்துப் பேர் தங்கும் தகரக் கொட்டகையைக் காட்டினேன்.

"அது ஷெட்டு சார். தூங்குற இடம்."

"தொட வேணாங்க, சும்மா சொல்லுங்க."

"தொடாம சொன்னா பொய் மாதிரி இருக்கு சார். வேற கேளுங்க."

வேறு கேட்டேன். வீட்டைக் குறிக்கும் 'கல்லி' என்ற நாவாட்ல் சொல்லுக்குப் பக்கத்துக் கட்டத்தில் இன்றுவரை எதுவும் இல்லை. கொக்பரோக் அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. பார்த்தும் எழுதவில்லை.

அன்று தஞ்சாவூர் திரும்பிக் கதவைத் திறந்தேன். உள்ளே போய்ச் சுவரில் கை வைத்தேன். தமிழில்கூட எனக்கு அந்தச் சொல் வரவில்லை.