கல்லுக்குள் இரண்டு தட்டு

இது நடந்தது. கதை கட்டிப் பிழைக்கிற ஆளில்லை நான். மலை உச்சி வீடுகளுக்குத் தோட்டம் போடுகிறவன். நம்பாதவர்கள் என் வலது கையைப் பாருங்கள். மூன்று விரலில் இன்னும் நகம் முளைக்கவில்லை.

கூட வேலை செய்தவன் என் தங்கை புருஷன். அந்த உயரத்தில் மூடுபனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது. அதனால் அங்கே தோட்டவேலைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம். கல்லில் ஒரு தட்டு தட்டினால், 'எங்கே இருக்கே?' பதிலுக்கு இரண்டு தட்டு, 'இங்கேதான் இருக்கேன்.'

அன்று ஒரு வீட்டுச் சரிவில், பழைய தாங்குசுவருக்குக் கீழே செடி நட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் மழையில் சுவர் வயிறு தள்ளி நின்றது.

"மாப்ள, இன்னைக்கு வேணாம். செவுரு சரியில்ல."

"நாலு செடிதான் மச்சான். முடிச்சிட்டுப் போயிடலாம்."

தலையாட்டித் தொலைத்தேன். அந்த நாலு செடியை எடுக்க நான்தான் வண்டிக்குப் போனேன்.

மாலை 4.12. பனிக்குள் தடதடவென்று ஒரு சத்தம்... பிறகு ஒன்றுமில்லை.

ஓடி வந்தேன். சுவர் இல்லை. மாப்பிள்ளையும் இல்லை. மண்ணும் கல்லும்தான். போனில் ஆள் கூப்பிட்டேன். வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

கடப்பாரையால் கல்லில் ஒரு தட்டு தட்டினேன்.

இடது மூலையில், மண்ணுக்குள்ளிருந்து... டொக். டொக்.

உயிரோடு இருக்கிறான். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. கடப்பாரை அவன்மேல் பட்டுவிடுமோ என்று வெறுங்கையால் பறித்தேன். அவன் செடி நட்டது வலது பக்கமாச்சே... யோசிக்க ஏது நேரம்?

4.30. தட்டினேன். டொக். டொக்.

4.50. டொக். டொக். இன்னும் பக்கத்தில்.

நகம் பிய்ந்தது. "வந்துட்டேன் மாப்ள."

டொக். டொக்.

5.20. ஆட்கள் வந்தார்கள்.

வலது பக்கம், ஓரடி மண்ணுக்குக் கீழே கிடந்தான். கைக்குள் ஒரு கல். பக்கத்துப் பாறையில் புதிதாகத் தட்டிய வெள்ளைத் தழும்புகள். அரைமணி நேரமாவது மூச்சு இருந்திருக்கும் என்றார் டாக்டர். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டுகூட என் காதில் விழவில்லை.

நாலாம் நாள் தங்கை ஒன்றுதான் கேட்டாள். "அப்போ நீ யாரைண்ணே தோண்டினே?"

மூன்று வாரம் கழித்துப் புதுச் சுவருக்கு அஸ்திவாரம் எடுத்தார்கள். என் குழிக்குக் கீழே, ஒரு முழத்தில் எலும்புக்கூடு. விரல்களுக்குள் துருப்பிடித்த சுத்தியல்.

பழைய சுவர் கட்டி இருபத்தாறு வருஷம் ஆகிறதாம்.