நோட்டில் எழுதிய காய்ச்சல்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர், கோவா, கடப்பா என்று சுற்றிவிட்டு, தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கல்லூரி விடுதி மெஸ்ஸில் சோறு பரிமாற வந்து சேர்ந்தேன். கல்லூரிக்குள் நுழைய எனக்கு வாய்த்த ஒரே வழி அது.

உடம்பு முடியாத மாணவனுக்கு மட்டும் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுபோவது அந்த மெஸ் வழக்கம். அதற்கு ஒரு நோட்டு உண்டு. அறை எண், நோய், வார்டன் கையெழுத்து. மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் மாடியிலிருந்து இறங்குவதை நிறுத்திவிட்டான். வெப் சீரிஸ் பார்க்கிறானாம். ஜன்னலில் போர்வையைக் கட்டி, பகல் பன்னிரண்டு மணிக்கே இருட்டு தயாரித்து வைத்திருந்தான்.

"காய்ச்சல்னு எழுதிக்கங்கண்ணே."

"நேத்தும் அதானே தம்பி எழுதினேன்?"

"அப்ப வயித்துவலி. ஒங்களுக்குத் தெரியாததா?"

எழுதினேன். சும்மா இல்லை, கூலி உண்டு. முதல்நாள் பார்த்த கதையை எனக்குச் சொல்வான். ஏதோ தேசத்துக் கொள்ளைக்காரர்கள், ஏதோ தேசத்துப் போலீஸ். கீழே ரசத்துக்குக் கையேந்தியவர்களைக் காக்கவைத்துவிட்டு மாடியில் நின்று கேட்டேன். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, காய்ச்சல், வயிற்றுவலி, தலைவலி என்று முறை வைத்து எழுதினேன். வார்டன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நிறையப் படித்தவர், பாவம், இனியும் படிக்க வேண்டுமா என்ன?

நடுவில் கல்லூரியில் மனநல முகாம் நடந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருப்பதன் கேடுகளைப் பற்றி, பெரிய திரை கட்டி மூன்று மணி நேரம் படம் காட்டினார்கள். இவன் போகவில்லை. தேவைப்பட்டவன் வராத முகாம் வெற்றிகரமாக முடிந்தது. நாங்கள் கேசரி போட்டோம்.

பதினோராம் நாள் அவன் சொன்ன கதை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"தம்பி, இத முந்தாநேத்தே சொல்லிட்ட."

"அப்படியாண்ணே?" மடிக்கணினியை யாரோ அந்நியரைப் போலப் பார்த்தான். "அது பாட்டுக்கு ஓடுதுண்ணே. நான் பாக்கல. சத்தம் நின்னா, நான் இருந்து என்னன்னு தோணுது."

கட்டிலுக்கடியில் ஒரு பாலிதீன் பை. நான் கொண்டுவந்த மூன்று நாள் சோறு அதில் புளித்துக் கிடந்தது.

வார்டனிடம் ஓடினேன். அன்றைக்குத்தான் அவர் நோட்டைப் பிரித்துப் படித்தார்.

"காய்ச்சல்னு இருக்குதேய்யா. நீதானே எழுதியிருக்க? ஒரு மாத்திரையக் குடு. நாலு நாள்ல பரீட்சை."

விடுதிப் பதிவேட்டில் அவன் அப்பாவின் எண் இருந்தது. நானே போன் போட்டேன். நீடாமங்கலம் பக்கம் குத்தகைக்குப் பயிர் செய்பவர். அன்று அவருக்கு நடவு. ஆட்களை வயலில் விட்டுவிட்டு, காலில் சேற்றோடு இரண்டு மணி நேரத்தில் வந்து நின்றார்.

"பரீட்சை முடியட்டுங்க, அப்புறம் டாக்டர்கிட்ட காட்டிக்கலாம். ஒரு வருஷம் போயிடும்" என்றார் வார்டன்.

அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. பையன் தோளைத் தொட்டார். "எந்திரிடா."

"பரீட்சைப்பா..."

"நீ இருந்தாத்தானடா எழுதுவ."

பெரிய ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் அவனை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டார். வெளி பெஞ்சில் அவன் அப்பாவும் கூடப் போன நானும். அரை மணி நேரம் ஆகியும் கதவு திறக்கவில்லை.

"இவ்ளோ நேரம் என்னங்க பேசுவான்? வீட்டுல வாயத் தொறக்க மாட்டானே."

"நல்லா பேசுவான்ங்க" என்றேன். கொள்ளைக்காரன் தப்பித்தானா என்று தினமும் கேட்ட நான், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். வாராவாரம் வரச் சொன்னார்கள். அந்தப் பரீட்சையை அவன் எழுதவில்லை. விடுதி விஷயத்தை வெளியே கொண்டுபோன குற்றத்துக்காக வார்டன் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். நோட்டில் பொய் எழுதிய குற்றத்தை மன்னித்துவிட்டார். அவர் கையெழுத்தும் அதில் இருந்ததே.

ஒரு மாதம் கழித்து, முத்துப்பேட்டையில் ஒரு ஐஸ் கம்பெனியில் இருந்தபடி அந்த அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சாப்பிடுறானாங்க?"

"ஒருநாள் சாப்பிடுறான், ஒருநாள் இல்ல. இன்னிக்கு வயலுக்கு வந்தான். நடவு கோணலா இருக்குன்னு என்னையே திட்டுறான்ங்க."

"திட்டட்டும்ங்க" என்றேன்.