மீன் பார்க்கச் சாப்பிடுவது

ஷிமோனிப் படகுத்துறையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் மேஜுமாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு வரும். "நல்ல பொம்பளதான், ஆனா பிடிவாதம்" என்பார்கள். அந்த "ஆனா"வை நான் ஒப்புக்கொள்வதில்லை. பிடிவாதம் மட்டும் இல்லாமலிருந்தால் அவளிடம் நல்லது என்று எதுவும் மிஞ்சியிருக்காது. ஊர் கூடிப் பங்கு போட்டிருக்கும்.

எதிரே தெரியும் வாசினித் தீவில் பிறந்தவள். இடுப்பில் துணி நிற்கத் தொடங்கிய வயதிலேயே கடல்பாசி வயலில் இறங்கிவிட்டாள். கடல் உள்வாங்கி வற்றம் வந்ததும் பெண்கள் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று கயிற்றில் பாசி கட்டுவார்கள். வெள்ளம் ஏறத் தொடங்கினால் கரையேறிவிடுவார்கள். முழங்காலுக்கு மேலே இருப்பது ஆண்களின் கடல். அவளைக் கட்டிக்கொண்ட ஒமாரி முக்குளிக்கிறவன், வெளிநாட்டுக்குப் போகும் வண்ண மீன்களை வலைப்பையில் பிடிக்கிறவன். சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் அடியில் பார்த்ததையெல்லாம் சொல்வான். கை மாதிரி விரிந்து மூடும் பவளமாம், முள்ளுக்குள் குடித்தனம் நடத்தும் மீனாம். அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நீ மட்டும் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கதை சொன்னால் எப்படி, நானும் பார்க்கவேண்டும் என்றாள்.

ஒமாரி சிரித்தான். ஆனால் அவன் வேலை பார்த்த மீன் கிடங்கை மூடியபோது, அங்கே கிடந்த பெரிய கண்ணாடித் தொட்டியைக் கேட்டு வாங்கி, ஆள் வைத்துத் தூக்கிவந்து, தேநீர்க்கடைச் சன்னலோரம் வைத்தான். கடல் தண்ணீர், பாறை, நீரைச் சுழற்றும் மோட்டார், மேலே ஒரு விளக்கு. பாறையில் விரல் விரலாய் ஆடும் பவளங்களும், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களும் குடியேறின. மேஜுமா தரையில் உட்கார்ந்து பார்த்த பார்வையில் அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததே தெரியவில்லை. ஒமாரியின் அண்ணன் அத்மானி வந்து பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை அவளுக்கு இன்றும் மறக்கவில்லை.

"பொம்பளைக்கு முழங்கால் தண்ணி போதும்டா தம்பி. இதெல்லாம் எதுக்கு?"

அடுத்த மழைக்காலத்தில் ஒமாரி காய்ச்சலில் மவுத்தாகிவிட்டான். தொட்டி இருந்தது. தொட்டியை அவள் விடவில்லை என்று சொல்வதுதான் சரி.

பாசி வந்தது அதற்குப் பிறகு. முதலில் பிறந்த குழந்தையின் தலைமுடி மாதிரி பாறையில் ஒரு பச்சை மினுமினுப்பு. பிறகு ஆட்டுத்தாடி அளவுக்கு நீண்டது. அப்புறம் கண்ணாடி, மோட்டார், பவளத்தின் கழுத்து என்று எதையும் விட்டுவைக்கவில்லை. விரல்கள் சுருங்கிப்போய் உள்ளே இழுத்துக்கொண்டன. மீன்கள் பச்சைக் கந்தலுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. பாசி வயலில் இன்னும் வேலை செய்யும் அவளுடைய தோழி நியம்வுலா அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாங்க வெயில்ல நின்னு வளருடி வளருடின்னு கெஞ்சுறோம். உனக்கு வீட்டுக்குள்ளயே வந்து விளையுது பாரு. கயித்தக் கொண்டாரட்டுமா?"

மேஜுமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் கையை விட்டுப் பாசியைப் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க முன்னைவிட அடர்த்தியாக வந்தது. ஏன் என்று கண்டுபிடித்தவளும் நியம்வுலாதான். கிண்டல் செய்துகொண்டே பக்கத்தில் நின்று பார்த்தவள், திடீரென்று மேஜுமாவின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பாசி வயலில் அறுவடை செய்யும்போது அடிக்கட்டையை விட்டு மேலே மட்டும்தான் ஒடிக்கவேண்டும், அப்போதுதான் மறுபடி தழைக்கும். மேஜுமாவின் விரல்கள் அத்தனை வருடப் பழக்கத்தில் தொட்டிக்குள்ளும் அதையே செய்துகொண்டிருந்தன. ஒழிப்பதாக நினைத்துக்கொண்டு மகராசி பயிர் செய்திருக்கிறாள். அன்று முதல் பாறையை வெளியே எடுத்து, வாளித் தண்ணீரில் வைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் வேரோடு தேய்த்தாள். தீவுக்கு அந்தப் பக்கம் படகில் போய்த் தெளிந்த கடல் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினாள். பாசி கொஞ்சம் அடங்கியது. ஆனால் போகவில்லை. தேய்த்து வைத்த பாறை சில நாளிலேயே திரும்பவும் மீசை முளைத்து நின்றது.

அத்மானிக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? கடை இருக்கும் வீடு குடும்பச் சொத்து, அவருக்கும் அதில் சொல் உண்டு. சன்னலோரத்தில் ஒரு பெரிய டிவியை மாட்டினால் கால்பந்து பார்க்கத் துறைமுகமே வந்து குந்தும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம், கடையில் நாலு பேர் இருக்கும்போது பார்த்து வந்தார்.

"பெருநாளைக்கு ஊரே இங்க சாப்பிட வரும். இந்தச் சாக்கடைக்குப் பக்கத்துல உக்காத்தி வச்சு சோறு போடப்போறியா? அன்னிக்கும் இப்படிப் பச்சையா இருந்துச்சுன்னா நானே தூக்கிக் கொண்டுபோய் கடல்ல கவுத்துருவேன், மேஜுமா."

"பெருநாளைக்குத் தண்ணி தெளிவா இருந்தா, மச்சான்?"

"இருந்தா நான் வாயத் தெறக்கல."

"நாலு பேர் கேட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் தேநீர் ஆற்றப் போனாள். தொட்டி போனால் அவளுக்கு மிஞ்சுவது முழங்கால் தண்ணீர்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயம் ஒரு பக்கம், அவர் முன்னால் அதைக் காட்டவில்லை என்ற திருப்தி ஒரு பக்கம்.

நோன்பு வந்தது. பகலெல்லாம் கடை மூடிக் கிடந்தது. மேஜுமா விளக்கைக்கூட அரை நேரம்தான் போட்டாள். தேய்ப்பதும் தண்ணீர் மாற்றுவதும் மட்டும் நிற்கவில்லை. சில நாள் போனதும் பாறையின் சுவர்ப் பக்கத்தில் பாசி வெளுத்து, தொட்டால் கையோடு வந்தது. அடியில் பாறையின் ஊதா நிறம் எட்டிப் பார்த்தது. புனித மாதத்தின் பரக்கத்து, இறைவன் அருள் என்றார்கள் பக்கத்து வீட்டார். அவளும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. பரக்கத்து இறங்கினால் பாறை முழுவதும் இறங்கவேண்டாமா? பெஞ்சுப் பக்கம் மட்டும் பாசி அப்படியே பச்சைப் பசேலென்று இருந்தது. பெஞ்சுக்கும் பரக்கத்துக்கும் என்ன பகை?

அன்று பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு சொன்னதும் கடை நிறைந்தது. அவள் அடுப்படியை விட்டுவிட்டு, கதவோரம் நின்று பார்த்தாள். பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்துவிட்டு, எல்லாரும் மண்டாஸியை எடுத்தார்கள். மண்டாஸி உங்கள் பணியாரத்துக்கு அண்ணன், எண்ணெயில் உப்பி நிற்கும். தொட்டி மீன் இரண்டும் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பெஞ்சில் இருந்த படகுக்காரர் "கரிபு" என்று சொல்லி, ஒரு விள்ளல் கிள்ளித் தண்ணீரில் போட்டார். அவருக்கு அடுத்தவரும் போட்டார். கடைசியில் இருந்தவர் தேங்காய்ப்பாலில் வெந்த துவரையில் தோய்த்தே போட்டார்.

எங்கள் கரையில் ஒரு உயிர் பார்த்துக்கொண்டிருக்க வாயில் கவளம் வைக்க மாட்டோம். எதிரில் யார் இருந்தாலும் கரிபு சொல்லியாகவேண்டும்; வா, உட்கார், எடுத்துக்கொள் எல்லாம் அதில் அடக்கம். சொல்லாமல் தின்றால் சோறு செரிக்காது. மனிதன் என்றால் போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிடுவான். மீன் கும்பிடுமா? தின்றது போக மிச்சமெல்லாம் பாறை இடுக்கில் ஊறி, பாசிக்கு உரமாகிக்கொண்டிருந்தது. முதன்முதலில் காலையில் கடையைத் திறந்ததும் கரிபு சொல்லி மண்டாஸி கிள்ளிப் போட்டு, எல்லாருக்கும் வழிகாட்டியவளும் மேஜுமாவேதான். அதை நினைத்தபோது அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் யாரும் போடவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லில் என்ன இருக்கிறது? மீன் கண்ணாடியில் வந்து வாய் திறந்தால் கை தானாகப் போகிறது. படகுக்காரர் மனம் வருந்திவிட்டார். நோன்பு திறக்கிற நேரத்தில் வாயில்லாச் சீவனைப் பட்டினி போடச் சொல்கிறாயே, இது உனக்கே நல்லாயிருக்கா என்று கேட்டார். பெஞ்சு முழுவதும் ஆமாம் என்றது. கருமி என்ற சொல் பள்ளிவாசல் வரை போய்த் திரும்பி வந்தது. விருந்து வீட்டில் அதைவிடப் பெரிய வசவு எங்களுக்குக் கிடையாது.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மேஜுமாவிடம் ஒரு லேசோ இருந்தது. பெண்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றும் பூப்போட்ட துணி, கீழ் ஓரத்தில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். பெயர்தான் லேசோ, அந்த வாசகம் சமயத்தில் லேசானதாக இருக்காது. ஒமாரி போன பிறகு ஊர் அவளைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் பேசிய நாளில் வாங்கியது இது. "பேசுங்கள், வாய் வலிப்பது உங்களுக்குத்தான்" என்று போட்டிருக்கும். ஒரே ஒரு தடவை அதைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசல் தெருவில் மெதுவாக நடந்து போய்வந்தாள். அதற்கப்புறம் பேச்சு பாதியாகக் குறைந்தது.

அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தொட்டிக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டாள். ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தால் திரை இறங்கும், எழுந்தால் ஏறும். மீனுக்குக் காலையில் அவள் கையால் ஒரு சிட்டிகை தீனி, அதோடு சரி. முதல் நாள் முணுமுணுத்தார்கள். மீன் கண்ணில் படவில்லை என்றதும் கை தானாகத் தட்டோடு நின்றுகொண்டது. பெஞ்சுப் பக்கத்துப் பாசியும் வெளுக்கத் தொடங்கியது.

பெருநாள் தொழுகை முடிந்து அத்மானி வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. டிவியை அட்டைப்பெட்டியோடு கைவண்டியில் ஏற்றி, வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கூட்டாளிகளோடு உள்ளே வந்தார். வந்தவர் நின்றார். திரை மேலே ஏறியிருந்தது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தெளிவு. பவளம் விரல்களை முழுக்க விரித்து ஆடியது. பாறை ஊதாவும் இளஞ்சிவப்புமாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம், அதை அவர் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைச் சாக்கடை என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேஜுமா பிலாவ் சோற்றை முதலில் அவருக்குத்தான் வைத்தாள், அவர்தானே மூத்தவர்.

அவர் முதல் கவளத்தை எடுத்தார். மீன் கண்ணாடிக்கு வந்தது. அவரைப் பார்த்தது, வாயைத் திறந்து மூடியது. அத்மானியின் மற்றக் கை, அவரைக் கேளாமலே, இறைச்சித் துணுக்கைக் கிள்ளிக்கொண்டு தண்ணீருக்கு மேலே போனது.

மேஜுமா கயிற்றை விட்டாள். லேசோ சரேலென்று அவர் கைக்கும் தண்ணீருக்கும் நடுவே இறங்கியது.

"என்ன பழக்கம் இது?" அத்மானிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு உயிர் பாத்துக்கிட்டிருக்கு, நான் மட்டும் திங்கணுமா? எங்கம்மா என்னை அப்படி வளக்கல."

"அதுக்குத்தான் மச்சான் திரை. இப்ப அது பாக்கல. நீங்க நிம்மதியா சாப்பிடுங்க."

துணியின் வாசகம் அவர் மூக்குக்கு நேரே தொங்கியது. கூட்டாளிகளில் ஒருவர் எழுத்துக்கூட்டி அதை வாய்விட்டுப் படித்தார். பெஞ்சு குலுங்கச் சிரித்தது. படகுக்காரர் சிரித்ததில் தேநீர் புரையேறிவிட்டது. அத்மானி கையிலிருந்த துணுக்கைப் பார்த்துவிட்டு, தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். மென்று விழுங்கிய பிறகுதான் கேட்டார்.

"இந்தத் துணி இங்க எத்தன நாளைக்குத் தொங்கும்?"

"நீங்க பேசி முடிக்கிற வரைக்கும்."

வாயைத் திறப்பதில்லை என்பது நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கு, அதே நாலு பேரும் எதிரே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். சாப்பிட்டுக் கைகழுவி எழுந்து போனார். கைவண்டி வந்த வழியே திரும்பியது. குண்டும் குழியுமான தெருவில் அட்டைப்பெட்டி குலுங்கிக்கொண்டு போனதை நியம்வுலா வாசலில் நின்று கடைசி வரை பார்த்தாள்.

கூட்டம் கலைந்ததும் மேஜுமா கதவைச் சாத்தினாள். பாத்திரம் கழுவவில்லை. லேசோவைத் தூக்கிக் கட்டிவிட்டு, தொட்டிக்கு முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மீன் இரண்டும் பவளத்தின் விரல்களுக்குள் போய் வந்துகொண்டிருந்தன. அவள் அண்ணாந்து பார்த்தாள். தண்ணீர் மட்டம் அவள் தலைக்கு மேலே இருந்தது.