சேரன்மகாதேவியில் விடுபட்ட பத்தி

ஈரோட்டில் நான் ஏறிய ரயில் திருநெல்வேலி சந்திப்புக்கு வந்தபோது விடிந்துகொண்டிருந்தது. பத்து ரூபாய் கொடுத்துச் செங்கோட்டை பாசஞ்சருக்குச் சீட்டு வாங்கினேன். சேரன்மகாதேவி அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான்.

அந்த ஊரில் என் தோழி மரியம் இருக்கிறாள். மதுரையில் ஒன்றாக மருத்துவம் படித்தோம். அவள் சொந்த ஊரில் பொது மருத்துவராகிவிட்டாள். நான் ஈரோட்டில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். படிப்பு முடிந்ததிலிருந்து கடிதம் எழுதிக்கொள்கிறோம். பெரும்பாலும் படித்த புத்தகங்களைப் பற்றித்தான். கைப்பேசி வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

சில மாதங்களாக அவள் கடிதங்கள் எனக்குப் பிடிபடவில்லை. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. நான் அனுப்பிய நாவல் ஒன்றின் முடிவில் ஒரு மருத்துவச்சி வெள்ளத்தில் மூழ்கிப்போகிறாள். 'கடைசியில் அவள் படகேறித் தப்பித்தது மனதுக்கு நிறைவாக இருந்தது' என்று மரியம் எழுதினாள். சந்தேகம் வந்து புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூழ்கித்தான் போகிறாள்.

பிறகு என் அம்மா இறந்துபோனதை எழுதினேன். கல்லூரி நாட்களில் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டவள் மரியம். பதில் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த வருஷம் உங்கள் வீட்டு மாமரம் காய்த்ததா என்று கேட்டிருந்தாள்.

கோபப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. மறதி நோயின் தொடக்கமோ என்று தோன்றியது. தொலைபேசியில் அழைத்தால் அவள் கணவர் காதர் எடுத்து, "நல்லாத்தான் இருக்கா டாக்டரம்மா, இப்ப தூங்குதா" என்றார். மறுபடி அழைத்தபோதும் தூக்கம்தான். யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

ரயில் பேட்டை தாண்டியதும் வாழையும் நெல்வயலும் மாறி மாறி வந்தன. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளிடம் மரியத்தைப் பற்றி விசாரித்தேன்.

"மரியம் டாக்டரா? அவுக இப்ப யாரையும் பாக்கதில்லயே. மவன்கூட வெளிநாட்டுக்குப் போயிட்டாகன்னுல்லா சொன்னாவ."

நிலையத்தில் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர் அதை மறுத்தார். "எவன் சொன்னான்? நேத்து சாயங்காலம் ஆத்துப் பாலத்துல காதர் அண்ணாச்சியோட பைய நடந்து போனாக. கண்ணுல ஏதோ கோளாறுன்னு பேச்சு." எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

அவள் பெயர்ப் பலகை அப்படியே இருந்தது. நோயாளிகள் உட்காரும் முன்னறை பூட்டியிருந்தது. பக்கவாசலில் காதர் என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிட்டார். பல வருஷம் துபாயில் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர் அவர். "வாங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மரியம் உள்ளேயிருந்து வந்தாள். வலப்பக்கம் கிடந்த நாற்காலியில் இடித்துக்கொண்டாள். "யாரு, சுமதியா? ஏட்டி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்க."

நன்றாகத்தான் இருந்தாள். ஆனாலும் பேச்சோடு பேச்சாக இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவைத்தேன். சரியாகச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"மறதிக்காரங்ககிட்ட கேக்குத கேள்விய எங்கிட்ட கேக்காத. நானும் டாக்டர்தான்."

ஒரு தாளை எடுத்து, 'சுமதி வந்திருக்கிறாள்' என்று தடையில்லாமல் எழுதினாள். பழைய அதே கையெழுத்து. பிறகு அந்தத் தாளையே சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இதுல என்ன இருக்குன்னு எனக்கு இப்ப வாசிக்கத் தெரியாது."

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவளே சொன்னாள். நான்கு மாதங்களுக்கு முன் மூளையில் ஒரு சிறு அடைப்பு. கை கால் தப்பித்தன. வலப்பக்கப் பார்வை கொஞ்சம் போனது. அதோடு வாசிப்பு முழுக்கப் போனது. எழுத வருகிறது. எழுதியதை அவளாலேயே வாசிக்க முடிவதில்லை. பாடத்தில் படித்த நோய்தான். என் தோழிக்கு வரும் என்று நினைத்ததில்லை.

"எழுத்து கண்ணுக்குத் தெரியுது. தெரியாத பாஷை மாதிரி இருக்கு. மருந்துச் சீட்டு எழுதிட்டு, சரியான்னு பாக்க முடியாதே. அன்னைக்கே நோயாளி பாக்கத நிறுத்திட்டேன்."

"எனக்கு ஏன் எழுதல?"

"எழுதினா நீ புத்தகத்த விட்டுட்டு நோய விசாரிப்ப. வைத்தியம் பேச எனக்கு ஆளு இருக்கு."

"அப்ப என் கடிதத்தையெல்லாம் யாரு படிக்கறாங்க?"

காதர் தலை குனிந்துகொண்டார். நாவலும் அவர் குரலில்தான் என்று புரிந்தது. மருத்துவச்சி மூழ்கித்தானே போகிறாள் என்று அவரிடம் கேட்டேன்.

"இவ ஆஸ்பத்திரிலேருந்து வந்த வாரம் டாக்டரம்மா. சாவ வாசிக்க நாக்கு வரல. நானே ஒரு படக விட்டேன்."

மரியம் சிரித்தாள். "அந்தப் படகு எங்கன இருந்து வந்துச்சுன்னு நானும் யோசிச்சேன்." எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அவள் கேட்டாள்: "அம்மா எப்படி இருக்காவ?"

நான் காதரைப் பார்த்தேன். அவர் மெல்ல, "அந்தக் கடுதாசில ஒரு பத்திய விட்டுட்டேன்" என்றார்.

"எடுத்துட்டு வாங்க."

அவர் கொண்டுவந்த கடிதத்தை மரியம் வாங்கி என்னிடம் நீட்டினாள். "நீ வாசி."

என் எழுத்தை நானே அவளுக்கு வாசித்தேன். மூச்சுத்திணறல், ஆக்சிஜன் அளவு என்று நோயாளியின் குறிப்பைப்போல எழுதியிருந்தேன். கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. இறப்பதற்கு முந்தைய நாள் அம்மா செவிலியின் கையைப் பிடித்து, 'மரியம், சாப்பிட்டாயா?' என்று கேட்டிருந்தாள்.

மரியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கணவரிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு என்ன ஆகுமோன்னு பயந்தா எங்கிட்ட கேக்கணும். இவ அழுதுக்கிட்டு இருக்கா, நான் மாமரத்த விசாரிச்சிருக்கேன்."

"தப்புத்தான்" என்றார் அவர்.

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நோயாளிக்கு அதிர்ச்சியான செய்தி எதுவும் சொல்லாதீர்கள் என்று வீட்டாரிடம் எத்தனையோ முறை நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்களுக்கு வந்த துக்கத்தை அவர் தடுத்து வைத்ததையும் ஏற்க முடியவில்லை. மதியம் சோற்றில் மீன் ஆணம் என்கிற குழம்பை ஊற்றிச் சாப்பிடும்போதும் இந்தக் குழப்பம் தீரவில்லை.

சாயங்கால ரயிலுக்குக் காதர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். வண்டி வரும்வரை நின்றார்.

"இனி ஒரு எழுத்து விடாம வாசிக்கணும்னு சொல்லிட்டா. நடுவுல எனக்கே அழுக வந்துட்டா என்ன செய்ய?"

"நிறுத்தித் தண்ணி குடிச்சுட்டு மறுபடி படிங்க. அவ காத்திருப்பா" என்றேன். வேறு வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

ஈரோட்டில் என் வீட்டில் சத்தம் போட்டு வாசிக்க ஆளும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. திரும்பி வந்த வாரமே கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள மரியம்' என்று தொடங்கியதும் பேனா நின்றது. இதை மரியத்துக்கு எழுதுகிறேனா, காதருக்கா? ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஓர் இடத்தில் வாக்கியம் நீண்டுபோயிருந்தது. அவருக்கு மூச்சு வாங்கும் என்று அதை இரண்டாக உடைத்து எழுதினேன்.